ஏறின இடம் எங்கே?

போன மே மாதம் முழுக்க எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தினமும் ஒரு ரயில் கவிழ்ந்துகொண்டிருந்தது.

பதற வேண்டாம். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஒரு சாண்கூட நீளமில்லாத இன்ஜின். அதன் பின்னால் நான்கு பெட்டிகள். ஆனால், அது ஒவ்வொரு முறை கவிழும்போதும் என் வயிற்றை ஏதோ பிசைந்தது நிஜம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ரயில் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் வேலை பார்க்கிறார். அந்த ஊரில் 2001-ல் திறந்த 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்' என்ற இடம் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய மாடல் ரயில் என்று கின்னஸில் ஏறிய இடம். மலை, ஊர், விமான நிலையம் எல்லாம் குட்டி அளவில் செய்து, நடுவில் நூற்றுக்கணக்கான ரயில்களை ஓட விட்டிருப்பார்கள். அண்ணன் அங்கிருந்து வீடியோ காலில் காட்டியபோது என் மகனுக்கு எட்டு வயது. அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இன்ஜின், பெட்டிகள், தண்டவாளம், ஸ்பீடு கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர்.

இதற்கு 'எச்.ஓ' அளவு என்று பெயர். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். "அம்மா, இதை 87-ஆல் பெருக்கினா 1435 மில்லிமீட்டர் வருது. அது ஐரோப்பா பாதை. நம்ம ஊர் அகலப்பாதை 1676. நம்மளுதுதான் பெருசு" என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுச் சொன்னவன் அவன்.

2020 ஊரடங்கில் ஹாலில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் போட்டு, நானும் அவனும் சேர்ந்து முதல் பாதையைப் போட்டோம். என் கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. அதனால் சால்டரிங் பிடிப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் தள்ளும் கைக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. பிறகு பள்ளி திறந்தது. பிளைவுட் கட்டிலுக்கு அடியில் போனது.

போன வருஷம் அவன் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, கணக்கில் பாதிக்குப் பாதி. பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தேன். மாலையில் ஒரு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. அவன் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவனைப் பேச வைக்க வேறு வழி தெரியாமல்தான் ஜனவரியில் அந்த பிளைவுட்டை வெளியே எடுத்தேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை உண்டு. அங்கே மேஜை கட்டி, அண்ணன் அனுப்பிய புதுத் தண்டவாளத்தை இருவருமாகப் பதித்தோம். ஒவ்வொரு துண்டும் சுமார் மூன்றடி, கையால் வளைத்துக்கொள்ளலாம். 22 அங்குல ஆரத்தில் இரண்டு பெரிய வளைவுகள். வளைவு முடிந்து நேராகும் இடத்தில், ரயில் பக்கத்துப் பாதைக்கு மாற ஒரு பாயிண்ட். அந்த ஒரு மாதம் அவன் பேசினான். "அம்மா, அந்த ஸ்க்ரூ டிரைவர்" என்பதுகூட எனக்குப் பேச்சாகத்தான் பட்டது.

ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. மறுபடியும் அதே கதை. மே மாத விடுமுறையில் ரயிலும் கவிழ ஆரம்பித்தது. சரியாக அந்த பாயிண்டில்.

முதல் வாரம் இன்ஜின்மேல்தான் எனக்குச் சந்தேகம். மாடல் ரயில்காரர்கள் சொல்லும் பழைய விதி ஒன்று உண்டு. ஒரே வண்டி பல இடங்களில் விழுந்தால், கோளாறு வண்டியில். பல வண்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால், கோளாறு பாதையில். விதி எனக்குத் தெரியும். ஆனாலும் விழுவது இன்ஜின்தானே, கை அதைத்தான் தேடிப் போனது.

கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். ஓர் அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்பக்கத்துக்கு நடுவே 14.4 மில்லிமீட்டர் போல இருக்க வேண்டும். அது நெருங்கினாலோ விலகினாலோ பாயிண்டில் முட்டும். காலிப்பரில் அளந்தேன், சரியாக இருந்தது. அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி தாராளமாகத் திரும்புகிறதா, ஏதாவது ஒயர் தடுக்கிறதா என்று பார்த்தேன். தடை இல்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு அழுக்கைத் துடைத்தேன். இன்ஜினைத் திருப்பி வைத்து ஓட்டினேன். அதே இடத்தில் விழுந்தது. பெட்டியை மட்டும் தள்ளினேன். அதுவும் சில சமயம் விழுந்தது.

சரி, பாதைதான் என்று முடிவு செய்தேன். பாதி சரி. ஆனால், பாதை என்றதும் விழுந்த இடமான பாயிண்டில்போய் உட்கார்ந்துகொண்டேன்.

பாயிண்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளம் ஒன்று உண்டு. அது பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் ஒரு துளி ஜல்லி சிக்கினாலும் சக்கரத்தின் விளிம்பு தவறான பக்கம் நுழைந்துவிடும். முனை மொண்ணையாக இருந்தால் சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். ஜல்லி எதுவும் இல்லை. அப்படியானால் முனைதான் மொண்ணை என்று நினைத்து, நகை வேலைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன அரத்தால் தேய்த்தேன். விழுந்தது. இன்னும் தேய்த்தேன். அப்போதும் விழுந்தது. ஒரு மதியம் வரிசையாகப் பதினோரு தடவை.

பதினோராவது தடவை மகன் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, "விடும்மா. இது ஓடாது" என்று கீழே போய்விட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னான்.

அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. விருத்தாசலம் பக்கம் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். கீமேன் என்றால், தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடியும் பட்டாசும் எடுத்துக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய பாதை முழுக்க நடந்து பார்ப்பவர். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கீ தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார். போல்ட் கழன்றிருந்தால் முடுக்குவார். மீட்டர் கேஜ் காலத்தில் சேர்ந்து, அகலப்பாதை வந்த பிறகு ஓய்வு பெற்றவர்.

அம்மா நவம்பரில் போய்ச் சேர்ந்த பிறகு ஐந்து மாதம் அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். ஏப்ரலில்தான் எங்களோடு வர ஒப்புக்கொண்டார். வந்தும் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடியே இருப்பார். ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் நடுவில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவர், அறை வாசலில் நின்றார். நான் அரத்தோடு குனிந்திருந்தேன்.

"என்னாம்மா பண்றே?"

"இன்ஜின் இந்த இடத்துலயே விழுதுப்பா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "விழுந்த இடத்தையே பாத்துட்டிருக்கியே. ஏறின இடம் எங்க?"

எனக்குப் புரியவில்லை. துணியை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வண்டி தடம் புரண்டா, முதல்ல சக்கரம் எங்க தண்டவாளத்து மேல ஏறுச்சுன்னு தேடுவாங்க. அது ஒரு இடம். அப்புறம் எங்க கீழ விழுந்துச்சுன்னு பாப்பாங்க. அது வேற இடம். விழுந்த இடத்துலதான் எல்லாம் கெட்டுக் கிடக்கும். ஜனம் அங்கதான் கூடும். தப்பு அங்க இருக்காது. அங்கேருந்து பின்னால நடந்து, ஸ்லீப்பர்ல தழும்பு பாத்துட்டே போகணும்."

அன்று எதையும் தொடவிடவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டார். எந்தத் திசையில் போகும்போது விழுகிறது? எந்தச் சக்கரம் முதலில் இறங்குகிறது? எத்தனை மணிக்கு?

மூன்றாவது கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மை ரயிலுக்கு மணி என்ன, நேரம் என்ன? ஆனால், முதல் இரண்டுக்கும்கூட என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரமாக நான் சரிசெய்துகொண்டிருந்தேனே தவிர, பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அப்பாவே பேரனை எழுப்பினார். "தம்பி, ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு மேல வா. எனக்கு எழுத ஆள் வேணும்." அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். போய்விட்டான்.

மூன்று நாள் எழுதினார்கள். ஒவ்வொரு வேளையும் பத்து சுற்று. காலை ஏழு மணிக்கு, பத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. மதியம் இரண்டு மணிக்கு எட்டு. இரவு ஒன்பதுக்கு ஒன்று. மூன்று நாளும் கிட்டத்தட்ட இதே கணக்கு. இன்னொன்றும் தெரிந்தது. கடிகாரம் சுற்றும் திசையில் போனால் விழுகிறது. எதிர்த் திசையில் போனால் நடு மதியத்தில்கூட விழவில்லை.

"பாயிண்ட்தான் கோளாறுன்னா காலையிலயும் விழணுமே தாத்தா" என்றான் மகன். பல மாதத்துக்குப் பிறகு அவன் தானாகச் சொன்ன முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா டார்ச்சைக் கேட்டார். பாயிண்டிலிருந்து பின்பக்கமாக, வளைவுக்குள், ஸ்லீப்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களின் மேல், வெளித் தண்டவாளத்தை ஒட்டி, மெல்லிய கீறல்கள். கறுப்பின்மேல் வெள்ளைக் கோடுகளாக, பாயிண்ட் வரை வரிசையாக இருந்தன. சுமார் ஒன்றரை அடி பின்னால் போனதும் நின்றுவிட்டன. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

கீறல் தொடங்கிய இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் ஒரு ஜாயிண்ட் இருந்தது. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சின்ன உலோக ஜாயினர்.

"இங்க ஏறியிருக்கு. இங்கேருந்து ஸ்லீப்பர் மேலயே ஓடிப் போய், பாயிண்டுல தட்டி விழுந்திருக்கு" என்றார் அப்பா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சக்கரம் தண்டவாளத்திலிருந்து இறங்கி ஒன்றரை அடி ஓடியிருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்காதா?

"ஸ்லோ மோஷன்ல எடுத்தா தெரியும்" என்றான் மகன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். என் பழைய போனில் அந்த வசதி சரியாக வராது. அவன் போனில் வரும். அது பீரோவில் இருந்தது.

கீழே போய் எடுத்துவந்து கையில் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சார்ஜ் போட்டான். மதியம் இரண்டு மணிக்கு, தண்டவாளத்தோடு கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு எடுத்தான்.

திரையில் பார்த்தபோது மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டோம். இன்ஜின் வளைவில் வருகிறது. ஜாயிண்டில் முதல் சக்கரம் ஒரு நொடி தயங்குகிறது. விளிம்பு தண்டவாளத்தின் தலையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. இன்ஜின் லேசாகச் சாய்கிறது. அந்தச் சாய்வோடு, ஸ்லீப்பர் மேல் தடதடவென்று ஓடி, ஒன்றும் நடக்காத மாதிரி பாயிண்ட் வரை வந்து, அங்கே முட்டிக் கவிழ்கிறது. எங்கள் இன்ஜினின் சக்கர விளிம்பு ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. அந்தச் சாய்வை வெறுங்கண் எப்படிப் பார்க்கும்?

மதியத்தில் மட்டும் ஏன் என்பதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? தண்டவாளத்தோடு தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தார். "இது மூட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒவ்வொன்றும் 12 மீட்டர். இரண்டு தண்டவாளம் சேரும் ஒவ்வொரு இடத்திலும் வேண்டுமென்றே இடைவெளி விடுவார்கள். ரயிலில் நாம் கேட்டு வளர்ந்த 'தடக் தடக்' சத்தம் அந்த இடைவெளி போட்டதுதான். வெயிலில் இரும்பு நீளும்; நீள அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் நெளியும். அதனால்தான் குளிர்காலத்தில் பிஷ்பிளேட்டைக் கழற்றி கிரீஸ் போட்டு, ஜாயிண்ட் சிக்காமல் நகருமாறு பார்த்துக்கொள்வார்கள். கோடையில் மதிய நேரத்தில் பாதையை நடந்து பார்க்கத் தனியாக ஆள் போடுவார்கள்.

நாங்கள் ஜனவரியில் பதித்தோம். அழகாக இருக்க வேண்டும் என்று எல்லா ஜாயிண்டையும் முட்ட முட்டச் சேர்த்தேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அதைப் பெருமையாக அண்ணனுக்குப் போட்டோ வேறு அனுப்பினேன்.

மகன் கணக்குப் போட்டான். எட்டடி என்பது 2.4 மீட்டர். ஜனவரிக் காலையில் 25 டிகிரி என்று வைத்தால், மே மதியம் தகரக் கூரைக்கு அடியில் எங்கள் தெர்மாமீட்டர் 43 காட்டியது. நிக்கல் சில்வர் தண்டவாளம் அந்தச் சூட்டுக்கு முக்கால் மில்லிமீட்டர் போல நீளும். "தாத்தா, 87-ஆல் பெருக்கினா ஆறு சென்டிமீட்டருக்கு மேல!" அப்பா அதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் பாதையில் அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் அன்றே சிவப்புக் கொடி நட்டிருப்பாராம்.

அந்த முக்கால் மில்லிமீட்டர் போக இடமில்லாமல், வளைவில் இருந்த பலவீனமான ஜாயிண்டைத் தள்ளி, வெளித் தண்டவாளத்தில் ஒரு குட்டி முழங்கையை உண்டாக்கிவிட்டது. ஒரு பக்கமாக வரும் சக்கரத்துக்கு அந்த விளிம்பு படி மாதிரி. மறுபக்கமாக வந்தால் சரிவு. அதனால்தான் ஒரு திசையில் மட்டும் விழுந்தது.

சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. வளைவில் இருந்த இரண்டு துண்டுகளையும் கழற்றினோம். வளைவில் ஜாயிண்ட் வந்தே தீரும் என்றால், துண்டுகளை நேராக வைத்து, சேரும் இடத்தை சால்டர் செய்து, ஒரே நீளமாக்கிய பிறகுதான் வளைக்க வேண்டும். அப்போது முழங்கை விழாது. இது நான் முன்பே படித்தது; சோம்பலில் விட்டது. நேர்ப்பகுதிகளில் மெல்லிய ரம்பத்தால் நறுக்கி, விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டோம். இடைவெளி விட்டால் ஜாயினர் வழியாக மின்சாரம் சரியாகப் போகாமல் தடங்கலாம் என்பதால், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அடியிலிருந்து ஒயர் கொடுத்தேன். கடைசியில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியை இரண்டு தண்டவாளத்தின் மேலும் உள்பக்கமும் ஓட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க பிசிறு" என்றார். எனக்குத் தெரியாதது அவர் விரலுக்குத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டேன்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணி. இன்ஜின் வளைவில் வந்தது. ஜாயிண்டைத் தாண்டியது. மகன் கையை உயர்த்தினான்.

பாயிண்டில் போய் விழுந்தது.

மறுபடி ஓட்டினோம். மறுபடி விழுந்தது. இந்த முறை ஸ்லீப்பரில் கீறலே இல்லை. அப்பா பாயிண்டின் கூர்முனையை நகத்தால் தள்ளிப் பார்த்தார். பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை. நடுவே ஒரு காகிதம் நுழையும் சந்து. இரண்டு வாரமாக நான் தேய்த்த தேய்ப்பு.

"நல்லாத்தான் இருந்திருக்கு இது" என்றார் அப்பா. என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரிகூட இல்லை. அதற்காகத்தான் வருத்தப்பட்டார்.

அன்று இரவு நான் அந்த பாயிண்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது. புதிது ஒன்று வரவழைக்க வேண்டும். மகன் டார்ச் பிடித்திருந்தான். அவன் மதிப்பெண் அட்டையும் டியூஷன் மாஸ்டரின் பட்டியலும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. அரையாண்டில் விழுந்தான், நான் அரையாண்டிலேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எப்பலேர்ந்துடா?" என்று கேட்டேன். எது என்று சொல்லவில்லை.

ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "ஆகஸ்ட்டுலேர்ந்து" என்றான்.

ஆகஸ்ட்டில்தான் அம்மாவுக்கு நோய் என்னவென்று தெரிந்தது. சமையலறையில் நின்று அண்ணனிடம் போனில் அழுதேன். நாலு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லித்தான் அழுதேன். அவன் தண்ணீர் எடுக்க வந்து வாசலில் நின்றிருக்கிறான். அதன் பிறகு நாங்கள் ஒவ்வொரு முறையும் "ஆயாவுக்கு ஒண்ணும் இல்லடா, சரியாயிடும், நீ படி" என்று சொல்லியிருக்கிறோம். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவது. நாங்கள் பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது. நவம்பர் வரை அதை மனதில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போயிருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான், ஹோம் ஒர்க் எழுதியிருக்கிறான். லேசாகச் சாய்ந்துதான் ஓடியிருக்கிறான். யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை. டிசம்பரில் விழுந்தான்.

"போன்ல ஆயா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சும்மா" என்றான். "அதான் கேட்டுட்டிருப்பேன்."

அந்தப் போனைத்தான் நான் ஐந்து மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாக்கள் அதைக் கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அவன் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் மாடியில் தாத்தாவுக்கு ஒரு மெசேஜைப் போட்டுக் காட்டினான். "சாமி, சாப்டியா? தாத்தா பீட்டுக்குப் போற மாதிரி காலையிலேயே நடக்கப் போயிட்டாரு. வந்ததும் உனக்குப் போன் பண்ணச் சொல்றேன்." இருபது நொடிகூட இல்லை. அப்பா இன்னொரு முறை போடச் சொன்னார். நான் கீழே வந்துவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது அவன் பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை டியூஷனை நிறுத்திவிட்டோம். மாலை டியூஷன் இருக்கிறது. முதல் மாதத் தேர்வில் கணக்கு மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. அறிவியல் அப்படியேதான் இருக்கிறது. சில நாள் பேசுகிறான், சில நாள் "ம்". ஆனால், அந்த "ம்" வந்தால் நான் அந்த இடத்தில் அரத்தைப் போடுவதில்லை. ஒன்றரை அடி பின்னால் போய்ப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

புது பாயிண்ட் ஜூலையில் வந்தது. அதை நானும் அவனும்தான் பொருத்தினோம். அன்று மதியம் இருபது சுற்று; ஒன்றுகூட விழவில்லை.

அப்பா இப்போதெல்லாம் பால்கனியில் உட்காருவதில்லை. காலை ஆறு மணிக்குக் காபி குடித்ததும், டார்ச்சும் ஒரு துண்டுத் துணியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறார். எட்டடி பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே சுற்றி வருகிறார். பிறகு கீழே வந்து, பள்ளிக்குக் கிளம்பும் பேரனிடம் சொல்வார்:

"லைன் கிளியர் தம்பி. போயிட்டு வா."